குணசுந்தரி கேட்ட அடுத்த தாள்

என் மருமகள் குணசுந்தரிக்கு ரேஷன் கடை மெஷினில் கைரேகை விழாது. வலது கையின் ஆள்காட்டி விரலும் பெருவிரலும் கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டன. அதனால் மாதாமாதம் அரிசி வாங்க நான்தான் போகிறேன். கடைக்காரர் விடமாட்டார். "இன்னா ஆயா, உம் மருமவ இந்த மாசமும் வரலியா?" என்பார். "அவ ரேகைய கம்பெனியில தேச்சுட்டா நைனா, நீ என் வெரல வெச்சுக்கோ" என்று நானும் சொல்லிவிட்டு வருவேன். குறையாகச் சொல்வதில்லை. வரிசையில் நிற்கிற நாலு பேருக்குக் கேட்கட்டும் என்றுதான் சொல்வது.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு காயத்ரி எழுதுகிறாள். குணசுந்தரியைப் பற்றி எழுதப்போகிறோம் என்று குணசுந்தரிக்குத் தெரியாது. தெரிந்தால், "உங்களுக்கு வேற வேலயே இல்லியா அத்த?" என்பாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், வண்டி என்ஜினுக்கு ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி ஒன்றில் அவள் செக்கிங் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து வருகிற வளையத்தை விரலில் மாட்டி ஒரு சுற்று சுற்றுவாள். கண்ணுக்குத் தெரியாத பிசிறு விரலுக்குத் தெரிந்துவிடும். பிசிறு இருந்தால் சிவப்புப் பெட்டி, இல்லாவிட்டால் பச்சைப் பெட்டி. ஒரு நாளைக்கு நாலாயிரம் வளையம். எங்கள் வீட்டுக் குக்கர் ரப்பரைக்கூட அவள் ஒரு சுற்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவாள். "இதுல ஒரு எடத்துல வெட்டு இருக்குது, மாத்தணும்" என்பாள். நான் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எவ்வளவு பார்த்தாலும் எனக்குத் தெரிந்ததில்லை.

அவளுக்குப் பிறந்த வீடு ஆரம்பாக்கம். பன்னிரண்டாவது படித்துவிட்டு என் மகன் அன்புராஜைக் கட்டிக்கொண்டு கவரைப்பேட்டைப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்களுக்கு இரண்டு ஏக்கர் நெல் நிலம் இருக்கிறது. பேத்தி பூமிகா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம், "நான் கம்பெனி வேலைக்குப் போறேன்" என்று ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். எனக்கு வந்ததே கோபம். நிலம் வைத்திருக்கிற வீட்டு மருமகள், மெயின் ரோட்டில் நின்று கம்பெனி பஸ்ஸைக் கை காட்டுவதா? ஆறு மாதம் அவளோடு நான் பேசவில்லை. அவள் பேசினாள். நான் பதில் சொல்லாவிட்டாலும், "அத்த, கொழம்பு அடுப்புல இருக்குது, எறக்கிடுங்க" என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுவாள். நான் இறக்கிவைப்பேன். இப்படியே ஆறு மாதம் ஓடிற்று. ஏழாவது மாதம், குழம்பில் உப்பு இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்கப்புறம் மூட முடியவில்லை.

பதினோரு வருடம் அவள் ஒப்பந்தத் தொழிலாளிதான். ஒப்பந்த ஆட்களுக்கு மஞ்சள் தொப்பி, லைன் சூப்பர்வைசருக்கு நீலத் தொப்பி. பஸ்ஸில்கூட நீலத் தொப்பிக்காரர்கள் முன் சீட்டில் உட்காருவார்களாம். யாரும் சட்டம் போடவில்லை, பழக்கமாகிவிட்டது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஒவ்வொரு பேட்ச் வளையம் வெளியே போகும்போதும் அதிலிருந்து ஐந்து வளையத்தை எடுத்து ஒரு கவரில் போட்டு, தேதியும் பேட்ச் நம்பரும் எழுதி இரும்பு ராக்கில் வைத்துவிடுவார்கள். சாம்பிள் ராக் என்று பேர். வாங்கியவன் ஏதாவது புகார் சொன்னால், ராக்கிலிருந்து அந்தத் தேதி கவரை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால், வளையமெல்லாம் வெடித்திருக்கிறது என்று பூனாவிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. குணசுந்தரியின் மேஜையில் பார்த்த சரக்கு. அவள் சீட்டையே கிழித்திருப்பார்கள். அவள் யாரிடமும் அழவில்லை. நேராகப் போய் அந்தத் தேதிக் கவரை எடுத்துவந்து வைத்தாள். கவரில் இருந்த வளையத்தின் உள்பக்கம் கம்பெனியின் அச்சுக்குறி இருந்தது. திரும்பி வந்த வளையத்தில் குறியே இல்லை. வேறு யாரோ செய்த சரக்கு. ஆள் விவகாரம் பார்க்கிற ஆபீசர் சுப்பராயன் அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அவளுக்குக் கை தட்டினாராம். கை தட்டினார், தொப்பி மாறவில்லை.

போன தீபாவளி கழிந்து சில நாளில், கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. குணசுந்தரி போனில் திறந்து எங்களுக்குப் படித்துக் காட்டினாள். சூப்பர்வைசர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். பயிற்சி முடித்தால் நிரந்தர வேலை. வயது முப்பத்தைந்துக்குள் இருக்கவேண்டும். ஆனால் ஏழு வருடத்துக்கு மேல் ஒப்பந்தத்தில் வேலை செய்தவர்களுக்கு மட்டும் நாற்பது வரை போகலாம். அவளுக்கு முப்பத்தெட்டு. அந்த வரியை அவள் இரண்டு தரம் படித்தாள். அன்புராஜ் இன்னொரு தரம் படிக்கச் சொன்னான்.

நான்தான் சொன்னேன். "போன்ல இருக்கறத நம்பாத. காயிதத்துல வாங்கி வை."

"அது கம்பெனி பக்கம் அத்த. எங்க பூடும்?"

"வாங்கி வைன்னா வை."

கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் ஸ்நேகா வைத்திருக்கிற பிரிண்ட் கடையில் ஒரு தாள் எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். நான் அதை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன். காகிதம் இருக்கிறதே என்று அவள் போனில் படம் எடுத்து வைக்கவில்லை. நவம்பர் கடைசிக்குள் விண்ணப்பம் போட்டாள். டிசம்பர் பாதியில் பரீட்சை. எழுபது பேர் எழுதினார்கள்.

இனி வருவது என் தப்பு. காயத்ரி இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா, மழுப்பாமல் எழுது.

போகிக்கு முந்தின நாள் நான் சாமி படத்துக்குப் பின்னால் சுத்தம் செய்தேன். படிக்கத் தெரியாதவர்களும் காகிதத்தைத் தரம் பிரிப்போம். கோபுர முத்திரை இருந்தால் சர்க்கார் காகிதம், எடுத்து வை. ஊதா மையில் வட்டச் சீல் இருந்தால் பேங்கு, இல்லாவிட்டால் ஸ்கூல், எடுத்து வை. மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணப் பத்திரிகை, கல்யாணம் முடிந்திருந்தால் போகலாம். அந்தத் தாளில் முத்திரை இல்லை, சீல் இல்லை, கையெழுத்து இல்லை. கறுப்பு எழுத்து மட்டும் பொடிப்பொடியாக இருந்தது. பூமிகாவின் பழைய பரீட்சைத்தாள் என்று நினைத்தேன். மறுநாள் விடியும்போது பழைய பாய், கிழிந்த முறம், போன வருடக் காலண்டர் எல்லாவற்றோடும் அதுவும் எங்கள் வாசலில் எரிந்தது. நானே கொட்டாங்குச்சித் தீயில் பற்றவைத்தேன்.

ஜனவரி கடைசியில் பரீட்சை முடிவு வந்தது. எழுபது பேரில் குணசுந்தரி இரண்டாவது. அன்புராஜ் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிவந்தான். பிரித்த டப்பா மூடுவதற்குள் அடுத்த சேதி வந்தது. செவ்வாய்க்கிழமை சுப்பராயன் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டு, வயது தாண்டிவிட்டது, லிஸ்டில் பேர் போகாது என்று சொல்லிவிட்டார்.

"நாற்பது வரைக்கும்னு போட்டிருந்தீங்களே சார்?"

"யாரு சொன்னது? நம்ம பக்கத்துல முப்பத்தஞ்சுதான் இருக்கு. எப்பவும் அதுதான். நீயே பாரு."

கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். முப்பத்தைந்து என்று மட்டும்தான் இருந்தது. நாற்பது என்கிற வரியையே காணோம்.

"நான் பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன் சார்."

"அப்ப கொண்டா. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு லிஸ்ட் ஹெட் ஆபீசுக்குப் போயிடும். அதுக்கப்புறம் கடவுளே வந்தாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய வேகத்தில் சாமி படத்துக்குப் பின்னால் கை விட்டாள். கை வெறுமனே வந்தது. நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"குணா, அதுல முத்திர இருந்துச்சா?"

"இல்ல அத்த. வெறும் எழுத்துதான்."

"அப்ப நான் போகியில போட்டுட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், சண்டையில் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவள் முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "நாஷ்டாவுக்கு இன்னா இருக்குது?" என்றாள். காலையில் செய்த உப்புமா இருந்தது. சாயந்தரம் ஆறு மணிக்கு அதைச் சாப்பிட்டாள். அன்புராஜ் வயலிலிருந்து வந்து, "காயிதம் எங்கடி?" என்று கத்தினபோது, "நான்தான் எங்கியோ வெச்சுட்டேன். பேஜார் பண்ணாதீங்க" என்றாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மறுநாள் அவளுக்கு மத்தியான ஷிப்ட். காலையில் ஸ்நேகா கடைக்குக் கிளம்பினாள். நானும் வருவேன் என்றேன். "நீங்க எதுக்கு அத்த?" என்றாள். "எரிச்சவ வருவா" என்று சொல்லி முன்னால் நடந்தேன்.

ஸ்நேகா எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். அப்பா பாக்கியநாதன் இரும்பு ஆலையில் வேலை பார்த்தவர். ஆதார் திருத்தம், பரீட்சை விண்ணப்பம் எல்லாம் அவள் கடையில்தான் நடக்கும். அன்றைக்கு எடுத்த பிரிண்ட் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று குணசுந்தரி கேட்டாள்.

"எல்லாருதையும் அன்னன்னிக்கே அழிச்சுடுவேன்க்கா. ஜனங்க ஆதார் எல்லாம் கெடக்குதுல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள், "ஆனா ஒரு வழி இருக்குது. நம்ம ஏஜென்ட்ட கேட்டுப் பாப்போம்."

கூட உட்கார்ந்திருந்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். உலகத்தில் இருக்கிற இணையப் பக்கங்களை அவ்வப்போது ஒரு பிரதி எடுத்து, தேதியும் நேரமும் போட்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வைக்கிற காப்பகம் ஒன்று இருக்கிறது. ஸ்நேகாவின் கம்ப்யூட்டரில் இருக்கிற ஏஐ ஏஜென்ட்டிடம் நாம் பேசுகிற மாதிரியே எழுதினால், அது அந்தக் காப்பகத்துக்குப் போய் எந்தப் பக்கத்துக்கு எந்தெந்தத் தேதியில் பிரதி இருக்கிறது என்று பட்டியல் எடுத்துவரும். அதற்கென்றே ஒரு கருவியை அதோடு ஸ்நேகா இணைத்துவைத்திருந்தாள். பழைய பரீட்சை அறிவிப்புகளைத் தேடுவதற்காக.

குணசுந்தரி கேட்டுக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "சாம்பிள் ராக்குன்னு சொல்லு!"

"இன்னா ராக்குக்கா?"

"நீ கேளு, நீ கேளு."

ஸ்நேகா கம்பெனிப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, இதன் பழைய பிரதிகளைப் பட்டியல் போடு, நவம்பர் மாதத்தில் உள்ளது வேண்டும் என்று தமிழிலேயே எழுதினாள். நான் இரண்டு கொட்டாவி விடுவதற்குள் பதில் வந்தது. ஸ்நேகா படித்தாள். படிக்கும்போதே அவள் குரல் இறங்கிற்று.

"நவம்பர் மாதத்தில் சேமித்த பிரதி எதுவும் கிடைக்கவில்லை. கடைசிப் பிரதி போன வருடம் ஜூன் மாதத்தில் எடுத்ததுன்னு சொல்லுதுக்கா. சாரிக்கா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடை வாசலில் ரயில் ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு பொன்னேரிப் பக்கம் போயிற்று. குணசுந்தரி மட்டும் கம்ப்யூட்டர் கிட்டே முகத்தைக் கொண்டுபோய் விரலால் வரிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஸ்நேகா, இதுல எத்தினி வரி?"

"பத்துக்கா."

"கரெக்டா பத்தா?"

"ஆமா. ஏன்?"

"அடுத்த தாள் எங்க?"

ஸ்நேகாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. குணசுந்தரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள்.

"எங்க செக்கிங் தாள்ல இருபத்தஞ்சு வரி அச்சடிச்சிருக்கும். வேலக்கி புச்சா வர்ற பொண்ணுங்க இருபத்தஞ்சாவது வரி வரைக்கும் எழுதி, அத்தோட வேல முடிஞ்சுபோச்சுன்னு குடுத்துட்டு ஊட்டுக்குப் பூடுவாங்க. ரெண்டாவது தாள் மெஷின் கீழ கெடக்கும். தாள் பதினெட்டுல நின்னா வேல முடிஞ்சுதுன்னு அர்த்தம். சரியா கடசி வரில நின்னா நான் நம்பவே மாட்டேன், அடுத்த தாளக் கேப்பேன். உன் ஏஜென்ட்டு புது ஆளு மாதிரி தெரியுது. அத்தக் கேளு, பத்தோட நிறுத்துனது நீயா, இல்ல அங்க அவ்ளோதான் இருக்குதான்னு."

ஸ்நேகா கேட்டாள். பதிலைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "நீங்கள் கேட்டது சரி. பழையதிலிருந்து முதல் பத்துப் பிரதிகளை மட்டும் எடுத்துவரும்படி நான் கருவியிடம் கேட்டிருந்தேன். அதைக் கவனிக்காமல் நவம்பரில் பிரதி இல்லை என்று சொன்னது என் தவறு. அளவை எடுத்துவிட்டு மறுபடியும் பட்டியல் போடுகிறேன்னு சொல்லுதுக்கா! ஆயா, உங்க மருமவ கம்ப்யூட்டரையே செக்கிங் பண்ணிட்டாங்க!"

"அதுவும் தப்ப ஒத்துக்குது பாரு" என்றாள் குணசுந்தரி. "எங்க ஆபீசர விட மேலு."

இரண்டாவது தடவை முப்பத்தோரு வரி வந்தது. நவம்பரில் இரண்டு பிரதி, டிசம்பர் நாலாம் தேதி ஒன்று, ஜனவரி பத்தொன்பது ஒன்று. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான அடையாளக் குறி ஒன்று இருந்தது. குணசுந்தரி அது என்ன என்று கேட்டாள். பக்கத்தின் உள்ளே இருப்பதை வைத்துப் போடுகிற குறி, இரண்டு பிரதிக்குக் குறி ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பதும் ஒன்று, ஒரு எழுத்து மாறினாலும் குறி மாறிவிடும் என்று ஏஜென்ட் சொல்லிற்று.

"பேட்ச் நம்பரு" என்றாள் அவள், தனக்குத்தானே.

அப்புறம் அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆள்காட்டி விரலை வைத்துக் குறிகளை ஓரமாகவே படித்துக்கொண்டு வந்தாள். நவம்பர் இரண்டும் ஒரே குறி. டிசம்பர் நாலும் அதே குறி. ஜனவரி பத்தொன்பதில் வேறு. "இங்கதான் அச்சு மாறியிருக்குது. நான் அப்ளிகேஷன் போட்டப்ப இது, பரீட்ச முடிஞ்சப்புறம் அது. ஸ்நேகா, நவம்பர் இருபத்தொண்ண தொற."

"ஏஜென்ட்டையே படிச்சுச் சொல்லச் சொல்லட்டுமாக்கா?"

"வேணாம். இப்பதான ஒருவாட்டி இல்லன்னு சொல்லுச்சு? நீ பக்கத்தையே தொற, நான் என் கண்ணால படிச்சுக்கறேன்."

திறந்தாள். மேலே தேதி இருந்தது. கீழே அந்த வரி, போகித் தீயில் போன அதே வரி, கறுப்புக் கறுப்பாக நின்றது. ஏழு வருடத்துக்கு மேல் ஒப்பந்தத்தில் வேலை செய்தவர்களுக்கு நாற்பது. குணசுந்தரி சத்தமாக ஒருமுறை படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வந்துடுச்சு அத்த" என்றாள். காணாமல் போன கோழி வீட்டுக்கு வந்த மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி வாசலுக்கு நானும் போனேன். செக்யூரிட்டிக்காரன், ஆயாவை உள்ளே விட முடியாது என்றான். நான் அங்கேயே செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். "உடற வரிக்கும் இங்கியே குந்தியிருப்பேன் நைனா, நீ உன் வேலயப் பாரு" என்றேன். அவன் போன் போட்டான். கடைசியில் சுப்பராயனே உள்ளே அனுப்பச் சொல்லிவிட்டார்.

ஸ்நேகா கடையில் பிரிண்ட் எடுத்த நவம்பர் பிரதியை குணசுந்தரி மேஜைமேல் வைத்தாள். அவர் எடுத்துப் பார்த்தார்.

"இதை யார் வேணும்னாலும் டைப் அடிச்சுக்கொண்டு வரலாம்மா."

"வரலாம் சார். அதனால இத நம்பாதீங்க. கீழ முகவரி இருக்குது, உங்க கம்ப்யூட்டர்லயே தொறங்க."

"இது என்ன, யாரோ எங்கயோ வச்ச பக்கம். கம்பெனி பக்கத்துல இருக்கறதுதான் எனக்கு."

"சார், பூனாவுலேருந்து அந்தப் பொட்டி திரும்பி வந்துச்சே, அன்னிக்கி வாங்கனவன் கையில இருந்தது தப்பு, நம்ம ராக்குல தேதி போட்டு இருந்ததுதான் சரின்னு நீங்கதான் சொன்னீங்க. கை தட்டுனீங்க. இதுவும் ராக்குதான் சார். நான் எடுத்து வெக்கல, நீங்க எடுத்து வெக்கல. ரெண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத ஒருத்தன் எடுத்து வெச்சிருக்கான். அதனாலதான் நம்பலாம்."

சுப்பராயன் முகவரியைத் தட்டினார். பக்கம் மெதுவாகத் திறந்தது. படித்தார். இன்னொரு தரம் மேலே தேதியைப் பார்த்தார். குணசுந்தரி டிசம்பரையும் ஜனவரியையும் திறக்கச் சொன்னாள். திறந்தார்.

"பிரிண்ட் எடுத்து வச்சேன்னியே, அது எங்க?" என்று கேட்டார். விடாத ஆள்தான் அவரும்.

"தொலஞ்சுபோச்சு சார். என் தப்புதான்."

இதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "தொலயல சார்" என்று எழுந்துவிட்டேன். "நான்தான் போகியில கொளுத்துனேன். அவ பொய் சொல்றா. என்னக் காட்டிக்குடுக்க மனசு வராம நாலு நாளா எல்லார்கிட்டயும் இதையே சொல்லிகினு திரியறா. நீங்க எழுதிக்குங்க, கொளுத்துனது மாமியாரு."

குணசுந்தரி, "அத்த, குந்துங்க" என்று பல்லைக் கடித்தாள். சுப்பராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் உதட்டோரம் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன்.

"எங்க வீட்லயும் போகிக்கு என் சர்டிபிகேட் ஒண்ணு போச்சும்மா" என்றார். பிறகு போனை எடுத்து ஹெட் ஆபீசுக்குப் பேசினார். அரை மணி நேரம் ஆயிற்று. பொங்கல் கழிந்து வேறு ஊர்த் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்க அதே பக்கத்தைத் திருத்தியிருக்கிறார்கள். திருத்தியவர்களுக்கு எங்கள் ஊர் ஒப்பந்த ஆட்களுக்குத் தனி வரி இருந்ததே தெரியாது. பழைய பக்கத்தை யாரும் எடுத்து வைக்கவில்லை. நவம்பரில் விண்ணப்பித்தவர்களுக்கு நவம்பர் விதிதான் என்று கடைசியில் ஹெட் ஆபீசில் சொன்னார்கள்.

"சரிம்மா, உன் பேர் போகும்" என்றார்.

எழுந்து கும்பிட்டுவிட்டு வந்திருக்கவேண்டும். நானாக இருந்தால் அப்படியே ஓடிவந்திருப்பேன். குணசுந்தரி எழவில்லை.

"பேக்கிங்ல செண்பகம், மிக்சிங்ல விக்டோரியா. அவங்க ரெண்டு பேரும் பரீட்ச பாஸ். இதே காரணம் சொல்லித்தான் நிறுத்தியிருக்கீங்க. அவங்க பேரும் போகணும் சார்."

"அவங்க கேக்கலையே?"

"அவங்ககிட்ட எப்பவும் முப்பத்தஞ்சுதான்னு நீங்க சொன்னீங்க. நம்பிட்டு அழுதுகினு போனாங்க. அதே ஜனவரி பேட்ச்தான் சார், ஒரு வளையத்த மட்டும் எடுத்துட்டா ஆச்சா?"

மணி ஒன்பது ஐம்பது. சுப்பராயன் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், லிஸ்டைத் தன் பக்கம் இழுத்து மூன்று பேருடைய பேரையும் எழுதினார். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மூன்று வரி எழுதினாரா என்று எண்ணத் தெரியும். எண்ணினேன்.

வெளியே வந்ததும் அவளிடம் சொன்னேன், "ஆறு மாசம் உன்கூட பேசாம இருந்தேனே குணா, அது என் தப்புதான்."

"பதினோரு வருஷம் கழிச்சா சொல்றீங்க?"

"இப்பதான தோணுச்சு."

"சரி, வாங்க. வெயில்ல நிக்காதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். அந்த விரலின் வழவழப்பை அன்றைக்குத்தான் முழுசாகத் தொட்டுப் பார்த்தேன்.

மார்ச்சில் பயிற்சி தொடங்கி ஆறு மாதம் நடந்தது. முடித்து நீலத் தொப்பியோடு வந்த முதல் நாள், எனக்கு வெற்றிலை தீர்ந்துபோயிற்று என்று சொல்லி மெயின் ரோட்டுக்குப் போனேன். வீட்டில் ஒரு கட்டு வெற்றிலை இருந்தது. கம்பெனி பஸ் வந்து நின்றது. முன் சீட்டில் குணசுந்தரி இல்லை. எக்கி எக்கிப் பார்த்தேன். பின் கதவு வழியாக, மஞ்சள் தொப்பிக்காரிகளோடு பேசிக்கொண்டே அவள் இறங்கினாள். தலையில் நீலம். "முன்னால குந்தலியா?" என்று கேட்டேன். "அங்க பேச ஆளில்ல அத்த. நீங்க எங்க இங்க?" என்றாள். வெற்றிலை வாங்க வந்தேன் என்றேன். கையில் வெற்றிலை இல்லை என்பதை அவள் பார்த்தாள். இப்போது அவள் பார்வையில் இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். புதிதாக வருகிற பெண்களுக்கு முதல் நாள் அவள் வளையத்தைக் கையில் கொடுப்பதில்லையாம். ஒரு தாளைக் கொடுத்து, கடைசி வரி நிறைந்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறாளாம்.

போன வாரம் அவளுடைய பழைய மஞ்சள் தொப்பியைப் பழந்துணி மூட்டையில் போட்டிருந்தாள். வரப்போகிற போகிக்கு. நான் அதை எடுத்துத் துவைத்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன்.

"அத எதுக்கு அத்த வெக்கறீங்க? அழுக்குத் தொப்பி."

"இருக்கட்டும். எங்கியும் போவக் கூடாது அது."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய், கம்பெனியில் சாம்பிள் போடுகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தாள். தொப்பியை மடித்து அதற்குள் போட்டாள். மார்க்கர் பேனாவால் மேலே என்னவோ எழுதினாள்.

"இன்னா எழுதற?"

"தேதி. மாட்டுன தேதி, கழட்டுன தேதி."

மறுபடியும் படத்துக்குப் பின்னால் வைத்தாள். அந்தக் கவரில் கோபுரம் இல்லை, சீல் இல்லை, மஞ்சளும் தடவவில்லை. ஆனாலும் எந்தப் போகிக்கும் நான் அதைத் தீயில் போட்டுவிடுவேனோ என்று அவளுக்குப் பயமில்லை. எனக்கு அது நன்றாகவே அடையாளம் தெரியும்.